ஈசான மூலையில் ஒரு முள்முருக்கு

எங்கள் விவசாயத் திணைக்களத்துப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு வசதி இருக்கிறது. கைத்தொலைபேசியை எடுத்து ஓர் இலைக்கு மேலே பிடித்தால் அது மரத்தின் பெயர், குடும்பம், பூக்கும் காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கடற்கரையில் நட்டால் சாகுமா தப்புமா என்பதை மட்டும் சொல்லாது. அதற்காக இன்னும் என்னிடம் வருகிறார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை என் கணவரைத் தவிர வேறு யாரும் நம்புவதாகத் தெரியவில்லை.

போன மாதம் வந்த ஓர் இளம் உத்தியோகத்தர், "மிஸ், உப்புக் காத்துக்கு என்னென்ன வைக்கலாம் எண்டு சுருக்கமாச் சொல்லுங்கோ, வாட்ஸ்அப்பிலை போடப் போறம்" என்றாள். பூவரசு, புன்னை, தாழை, அலரி, பட்டிப்பூ, அடம்பன் கொடி என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டியை உதைத்துப் போய்விட்டாள். ஒரு வாழ்நாள் வேலை ஒரு மூச்சில் முடிந்துவிட்டதே என்று எனக்குப் பெரிய மனவருத்தம். வாட்ஸ்அப்பில் அடங்காத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் உடுவிலைச் சேர்ந்தவள். எங்கள் பக்கத்தில் மண் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும். வேறு நிறத்தில் கிடப்பதை நாங்கள் மண் என்று ஒத்துக்கொள்வதில்லை. படிப்பு, இடப்பெயர்வு, திரும்பி வந்து மிச்சப் படிப்பு, நியமனம், இரண்டு மூன்று இடமாற்றங்கள் என்று இளமை போனது. சண்டை முடிந்து சனம் கடற்கரைக் கிராமங்களுக்குத் திரும்பத் தொடங்கியபோது என்னை வடமராட்சிக் கரையோரத்துக்கு மாற்றினார்கள். "கடற்கரையிலை என்னத்தைப் பிள்ளை நடப் போறாய்?" என்று அம்மா கேட்டார். அதே கேள்வியோடுதான் நானும் பஸ் ஏறினேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி சின்னராசா சேர். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, பையில் பேனா, காலில் சாதாரணச் செருப்பு. தோட்டம் கேட்டு ஆள் அனுப்பிய வீட்டுக்கு முதல் நாள் என்னைக் கூட்டிப் போனார். வீட்டுக்காரர் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், சேர் கேற்றைத் தாண்டி நேரே கடல் பக்கம் நடக்கிறார். நானும் பின்னால் போனேன். வேலியில் நின்ற பூவரசில் கடலைப் பார்த்த பக்கத்து இலை ஒன்றையும் வீட்டைப் பார்த்த பக்கத்து இலை ஒன்றையும் பிடுங்கினார். பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நடு ரோட்டில் நின்று இரண்டு இலையையும் நக்கினார்.

எனக்கு அந்த இடத்திலேயே வேலையை விட்டுவிடலாம் போல இருந்தது. சைக்கிளில் போன ஒருவர் கால் ஊன்றி நின்று பார்த்தார். சேர் துப்பிவிட்டு, போத்தல் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு பக்கத்திலும் இன்னோர் இலை பிடுங்கி என்னிடம் நீட்டி, "நக்கும்" என்றார். நக்கினேன். கடல் பக்கத்து இலை கருவாடு மாதிரிக் கரித்தது. வீட்டுப் பக்கத்து இலையில் உப்பே இல்லை. "இந்த மறைப்புக்குப் பின்னாலை எதையும் நடலாம், முன்னாலை நடுறதுக்கு யோசிக்க வேணும்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த முழுப் பயிற்சி. பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிச் சுவை பார்ப்பார். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, வாளித் தண்ணீரை ஊற்றி, அது இறங்கும் வரைக்கும் குந்திக்கொண்டு இருப்பார். இவ்வளவும் முடிந்த பிறகே வீட்டுக்காரர் வாய் திறக்கலாம்.

வாய் திறந்தால் அவர்கள் கேட்பது கனடாவின் ரொறன்ரோவில் பார்த்த தோட்டம். காசு அனுப்பிய மகனோ மகளோ படமும் அனுப்பியிருப்பார்கள். சேரிடம் அதற்கு இரண்டே சொற்கள் இருந்தன. "சாகும்" என்பது ஒன்று. "தப்பும்" என்பது மற்றது. முதலாவதைத்தான் அதிகம் பாவித்தார்.

வெளிநாட்டில் இருந்து வந்து கடற்கரையில் விடுதி கட்டிய ஒருவர் ஒருநாள் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனார். புல்தரை என்றார். சாகும். ரோசா என்றார். சாகும். இட்சோரா, குரோட்டன் என்றார். சாகும், சாகும். அந்த மனிதர் வெறுத்துப்போய், "நானாவது தப்புவனோ?" என்று கேட்டார். சேர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தொப்பி போடுங்கோ" என்றார். விடுதிக்காரர் எங்களை அனுப்பிவிட்டு, நெல்லியடியில் ஒரு லொறி நிறையச் செடி வாங்கி நட்டார். தை பிறந்து மழை நின்று வாடைக் காற்று மட்டும் அடித்த சில கிழமைகளில் எல்லாம் கருகிப் போனது. பிறகு எங்களிடமே ஆள் அனுப்பினார். அவர் பிடுங்கி எறிந்த அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் திரும்ப அதே இடத்தில் நட்டுக் கொடுத்தோம். இன்றைக்கு அங்கே வருகிற உல்லாசப் பயணிகள் அடம்பன் பூவுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். ஊர்ச் சனம் அதைப் பார்த்துச் சிரிக்கிறது.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் போன உத்தியோகத்தில் ஒரே ஒரு வீடு என்னைப் படாத பாடு படுத்தியது. பருத்தித்துறைக்குக் கிட்டக் கடலைப் பார்த்த வீடு. வீட்டுக்கார அம்மா இராசமலர் அக்கா. அவருடைய கணவர் கப்பலில் வேலை செய்து ஓய்ந்தவர். ஒரே மகள் தர்சினி. அவர்கள் கூப்பிட்டது தோட்டத்துக்காக இல்லை. ஒரு தடிக்காக.

எங்கள் கலியாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் கன்னிக்கால் ஊன்றுவோம். முள்முருக்கில் ஒரு தடி வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வளவின் ஈசான மூலையில் நடுவது வழக்கம். அந்தத் தடி தளிர்த்தால் குடும்பமும் தளிர்க்கும் என்று நம்பிக்கை. தர்சினிக்கு வீட்டு வளவில் கன்னிக்கால் ஊன்றி, நல்லூரில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை கனடாவில் இருந்து லீவில் வந்து தாலி கட்டிவிட்டு, லீவு முடியத் திரும்பிப் போய்விட்டார். ஸ்பொன்சர் சரிவந்து விசா கிடைத்ததும் இவள் போக வேண்டும். கெதியாகப் போகப் போகிறவள்தானே என்று வங்கி வேலையையும் விட்டுவிட்டாள். விசா வரவில்லை. கன்னிக்காலின் இலைகளும் கருகத் தொடங்கின. தாய்க்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. ஓர் இலை விழுந்தால் கனடாவில் யாரோ கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள் என்று நினைத்து அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

பக்கத்து மாடி வீட்டில் இருந்த செல்லமக்கா, இராசமலர் அக்காவுக்குத் தமக்கை முறை. காலையில் பல் விளக்கிக்கொண்டே மாடியில் நின்று, "மலர், இண்டைக்கும் ரெண்டு இலை விழுந்திருக்கு போலை" என்று அறிவிப்பார். அன்பாகத்தான் சொல்வார். ஊருக்கும் அதே அன்போடு சொல்லிவிடுவார்.

சேரும் நானும் போனோம். முள்முருக்கு கடற்கரைக்கு ஆகாத மரமில்லை. கடலோரத்தில் தானாக நிற்கிற சாதிதான். அதையும் சாகடிப்பது என்றால் ஒரு குடும்பமே சேர்ந்து உழைக்க வேண்டும். அவர்கள் உழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லக்கூடாது என்று தகப்பன் என் ஊர்ப் பக்கமான வலிகாமத்தில் இருந்து ஒரு டிராக்டர் செம்பாட்டு மண் கொண்டு வந்து தடியைச் சுற்றிக் கொட்டியிருந்தார். கடற்கரை மணலுக்கு நடுவில் என் ஊர் மண்ணைக் கண்டதும் எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மணல் ஒரு மழைக்கே உப்பை விட்டுவிடும், செம்மண் இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாய் காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து இலையிலும் அடியிலும் ஊற்றிவந்தார். சேர் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். அந்தத் தாய் அவ்வளவு நாளும் பக்தியோடு உப்பை ஊற்றிக்கொண்டிருந்தார்.

போதாததற்கு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில். அதைக் கட்டியதே காற்றை மறிக்கத்தான். "காத்து மதிலிலை ஏறி இஞ்சாலை குதிக்குது" என்றார் சேர். "அது குதிக்கிற இடத்திலைதான் உங்கடை தடி நிக்குது."

"கொஞ்சம் தள்ளி நட ஏலாதோ அக்கா?" என்று நான் கேட்டேன்.

"ஐயோ மிஸ், வாயாலையும் சொல்லாதேங்கோ. ஊண்டின கன்னிக்காலைப் பிடுங்கிறதோ? அது ஈசான மூலை."

எங்கள் வடகரையில் ஈசான மூலை என்றால் நேரே கடல். வாடை வருகிற வழியும் அதுதான். ஈசானத்தை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை.

சேர் தடியின் இலை ஒன்றை நக்கினார். பிறகு, இத்தனை வருடப் பழக்கத்தில், வாய் தவறி வழக்கமான சொல்லைச் சொல்லிவிட்டார். "சாகும்."

இராசமலர் அக்கா அப்படியே மணலில் குந்திவிட்டார். தகப்பன் ஓடி வந்தார். மாடியில் செல்லமக்கா பல் விளக்குவதை நிறுத்தினார். சின்னராசா சேர் தடுமாறியதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன். "இலைதான் அம்மா சாகும், தடி பச்சையா நிக்குது, தடி தப்பும்" என்று அவர் ஒரே மூச்சில் சொன்னது அவருடைய ஒரு மாதத்துப் பேச்சு. கதவடியில் நின்ற தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழப் போனாள் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பி வரும் வழியில் சேர் சொன்னார்: "உது இனி உம்மடை வேலை. செத்துதெண்டால் ரெண்டு பேரும் உந்த ரோட்டாலை போக ஏலாது."

ஒரு வீட்டுத் தடிக்கு அரசாங்க உத்தியோகத்தர் நேரம் செலவழிக்க வழியில்லை. ஆகவே அதைக் கரையோரக் காற்றுத்தடை முன்மாதிரி என்று ஆக்கினோம். முதலில் செம்மண்ணை அள்ளி வெளியே கொட்டச் செய்தேன். உடுவிலில் யாரும் கேள்விப்பட்டால் என்னை ஊருக்குள் விட்டிருக்க மாட்டார்கள். மணலோடு உக்கிய இலைக்குப்பை கலந்து மேடாகப் போட்டோம். கிணற்றுத் தண்ணீர் கூடாது, பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீர் மட்டும், அதுவும் அடியில் ஊற்ற வேண்டும். காற்று ஓய்ந்த பிறகு நல்ல தண்ணீரால் இலையை ஒருதரம் கழுவிவிட வேண்டும். மதிலுக்கு வெளியே, கடல் பக்கத்தில், இடைவெளி விட்டுப் பனைமட்டை வேலி கட்டினோம். முழுவதும் அடைத்தால் காற்று குதிக்கும், பாதி விட்டால் களைத்துப்போய் உள்ளே வரும். வேலிக்கு முன்னால் மணலைப் பிடிக்க அடம்பனும் இராவணன் மீசையும், பின்னால் தாழை, அதற்கும் பின்னால் வேலிக்கு ஊன்றுகிற பூவரசம் கதியால். எல்லாம் காசு கொடுத்து யாரும் வாங்காத சாமான்கள்.

கிழமைக்கு ஒருதரம் போவேன். தர்சினி மெல்ல மெல்ல என்னோடு சேர்ந்து இலை நக்கப் பழகினாள். ஒருநாள் தாழை நட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "மிஸ், உங்கடை கன்னிக்கால் இப்ப எவ்வளவு பெரிசு?"

நான் உண்மையைச் சொன்னேன். என்னுடையதைக் கலியாணம் முடிந்த மற்றக் கிழமையே பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. என் கணவர் இன்றைக்கும் சுகமாக இருந்து, கறியில் உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "அம்மாட்டைச் சொல்லிப் போடாதேங்கோ மிஸ். பிறகு ஊரிலை இருக்கிற ஆட்டுக்கெல்லாம் பயப்பிடத் தொடங்கியிடுவா." அடுத்த தாழையை எடுத்து நட்டாள். பிறகு, "எனக்குத் தடியிலை கோவம் இல்லை மிஸ். ஆனா விடிய எழும்பினால் வீட்டிலை எல்லாரும் முதல் அதைத்தான் போய்ப் பாக்கினம். என்ரை முகத்தை ஒருத்தரும் பாக்கிறேல்லை" என்றாள். நானும் வந்ததும் முதலில் தடியைத்தான் பார்ப்பவள்.

அடுத்த வாடைக்கு இலை கருகவில்லை. அதற்கடுத்த வருடம் மரம் மதிலுக்கு மேலே தலையைக் காட்டியது. செல்லமக்காவுக்கு அறிவிக்க ஒன்றும் இல்லாமல் போனது. இராசமலர் அக்கா என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். மரம் பிடித்துவிட்டது, விசா வருகிற வழியில் இருக்கிறது என்று அந்த வீட்டோடு சேர்ந்து நானும் அரைவாசி நம்பத் தொடங்கியிருந்தேன். விவசாயம் படித்தவள்!

அந்த மாசியில் மரம் முதன்முதலாகப் பூத்தது. இலையெல்லாம் கொட்டி, கொப்பெல்லாம் சிவப்பாக, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி ஒரு பூப்பு. அதே மாசியில்தான் கனடாவில் இருந்து தொலைபேசி வந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே முதலே ஒரு குடும்பம் இருந்தது. தாயின் ஆசைக்காகத்தான் இங்கே வந்து தாலி கட்டினாராம். இனி விவாகரத்து வேண்டுமாம்.

இராசமலர் அக்கா வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போவதற்கு முன், ஓய்வு பெற்றிருந்த சின்னராசா சேருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "மரம் எப்பிடி?" என்றார். நன்றாக நிற்கிறது என்றேன். "பிள்ளை?" என்றார். இனித்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். "போய் அவையோடை இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்" என்று வைத்துவிட்டார்.

குசினியில் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, இராசமலர் அக்கா கதவைச் சாத்தினார். "மிஸ், நீங்கள்தானே உதை வளத்தனீங்கள். அழிக்கிறதுக்கும் உங்களுக்கு வழி தெரிஞ்சிருக்கும்."

"வெட்டலாமே அக்கா."

"வெட்டினால் சனம் கதைக்கும். உது தானாச் சாகவேணும். ஒருத்தருக்கும் தெரியாமல்."

என் உத்தியோகக் காலத்தில் அதுவரை செடியைக் கொல்ல யாரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை. எல்லோரும் அதைத் தாங்களாகவே நன்றாகச் செய்துகொள்வார்கள். சிரிக்கிற இடமில்லை அது. இருந்தாலும் மனம் அப்படித்தான் ஓடியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முந்தி ஊத்தின மாதிரிக் கிணத்துத் தண்ணியை ஊத்தட்டோ?" என்றார்.

"அக்கா, உதை இனி உப்பு ஒண்டும் செய்யாது" என்றேன்.

அவர் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கோபமும் வந்தது. கனடாக்காரன் மேல் பாதி, ஒரு மரத்தை இவ்வளவு கவனமாக வளர்த்துவிட்ட என் மேல் பாதி. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தர்சினி வந்தாள். கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும். "அம்மா, பொய் சொன்னது அவன். மரம் ஒரு பொய்யும் சொல்லேல்லை. அதைத் தொடாதேங்கோ" என்றாள். அதன் பிறகு தாய் வளவில் மரம் நின்ற பக்கம் போவதையே விட்டுவிட்டார். மரத்துக்கு எதிரே இருந்த ஜன்னலும் பூட்டியே கிடந்தது. தர்சினி நெல்லியடியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். அந்த வருடங்களில் முள்முருக்குகளுக்கு ஒரு பூச்சி வந்து, இலையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கி, ஊர் ஊராக மரங்கள் பட்டுப் போயிருந்தன. கலியாண வீட்டுக்காரர் ஒரு தடிக்காக யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தார்கள். கடற்கரையில் இந்த ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. ஏன் தப்பியது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அடிக்கிற காற்றுக்குப் பூச்சி நிற்கவில்லை போல என்று நினைக்கிறேன்.

நான் போனபோது கேற்றடியில் செல்லமக்கா நின்றார். மாடியில் இருந்து எதையும் உரத்துச் சொல்கிறவர், அன்றைக்குக் கீழே நின்று சொல்லை மென்றுகொண்டிருந்தார். பேரனுக்கு அடுத்த கிழமை கலியாணமாம். பொம்பிளை கொடிகாமம் பக்கமாம். தடி கிடைக்கவில்லையாம்.

தர்சினி மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரியம்மா, உது என்ரை கன்னிக்கால் எண்டு தெரியும்தானே?"

"தெரியும் பிள்ளை."

"பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கக் கூடாது."

செல்லமக்கா நிலத்தைப் பார்த்தார். "நான்தானே எல்லாம் கதைக்கிறனான்" என்றார். "நான் கதைக்க மாட்டன். தா பிள்ளை."

தர்சினி கத்தி எடுத்து வந்து, நேரான கொப்பாகத் தேடி, ஒரே வெட்டில் வெட்டினாள். அதைச் செல்லமக்காவின் கையில் கொடுக்கப் போகிற நேரத்தில் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த ஜன்னல் திறந்தது. "நில்லு" என்று இராசமலர் அக்காவின் குரல் வந்தது. நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். தடியைப் பறித்து எறியப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் ஒரு செம்போடு வெளியே வந்தார். உள்ளே மஞ்சள் தண்ணீர். இத்தனை வருடமாகப் போகாத அந்த மூலைக்கு நேரே நடந்து வந்து, மகளின் கையில் இருந்த தடியைத் தொட்டுப் பார்த்தார்.

"பொம்பிளைப் பிள்ளையின்ரை பேர் என்ன அக்கா?" என்று கேட்டார்.

"யாழினி" என்றார் செல்லமக்கா.

இராசமலர் அக்கா அந்தப் பெயரை வாய்க்குள் ஒருதரம் சொல்லிக்கொண்டு, தடியின் அடியில் இருந்து நுனி வரைக்கும் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார்.